மருந்து அடித்த தோட்டத்துக்குள் எப்போது போகலாம்?

கேள்வி: பழத்தோட்டத்தில் வேலை செய்கிறேன். மருந்து அடிக்கும்போது நாங்கள் உள்ளே இருப்பதில்லை. மறுநாள் இலை காய்ந்த பிறகுதான் பிஞ்சு நீக்கவும் கவாத்து செய்யவும் போகிறோம். அப்படியும் மாலையில் தலைவலி, குமட்டல் வருகிறது. முகக்கவசம் கட்டினால் போதுமா?

பதில்: போதாது. தோட்ட வேலை செய்பவர்களின் உடலுக்குள் பூச்சிக்கொல்லி பெரும்பாலும் தோல் வழியாகவே சேர்கிறது. இலை காய்ந்தது என்றால் தண்ணீர் ஆவியாகிவிட்டது என்று மட்டுமே பொருள். மருந்து மெல்லிய படலமாக இலையின் மேலேயே இருக்கும். பிஞ்சு நீக்கும் வேலையில் கிளைகளுக்குள் கைவிட்டு நாள் முழுதும் இலைகளை விலக்குவதால், கை, கழுத்து, முகம் எல்லாவற்றிலும் அந்தப் படலம் ஒட்டிக்கொள்கிறது. வறண்ட, புழுதி படிந்த இலைகளில் சில பாஸ்பரஸ் வகை மருந்துகள் முன்னிலும் நச்சு மிகுந்த பொருளாக மாறுவதும் உண்டு.

ஆகவே, மேற்பார்வையாளர் இலையைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதை நம்பாமல், மருந்துப் புட்டியின் சீட்டில் மறுநுழைவுக்கு எவ்வளவு காலம் குறித்திருக்கிறது என்று கேளுங்கள். மருந்தைப் பொறுத்து அது சில மணி நேரமாகவும் இருக்கலாம், பல நாட்களாகவும் இருக்கலாம். அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய காலம் வேறு. அது பழத்தை உண்பவருக்கானது, உங்களுக்கானதன்று.

துணிக் கையுறை ஈரத்தை உறிஞ்சி மருந்தைத் தோலோடு சேர்த்தே வைத்திருக்கும் என்பதால், நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆன கையுறையே நல்லது. சாப்பிடும் முன் மட்டுமல்லாமல், கழிவறைக்குப் போகும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முன்கைத் தோலைவிட விதைப்பைத் தோல் பல மடங்கு வேகமாக மருந்தை உறிஞ்சுகிறது. கூச்சத்தால் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வேலை உடைகளைத் தனியே துவையுங்கள், குளித்த பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

தலைவலியும் குமட்டலும் வெயிலாலும் வரலாம். ஆனால் அவற்றோடு அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், கண்ணீர், கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு ஆகியவை சேர்ந்தால், உடைகளைக் களைந்து உடலைச் சோப்பால் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்துகள் நரம்புகளுக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குவதால், இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பாதிப்பை அறியலாம். இயல்பான அளவே ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், மருந்தடிப்புப் பருவம் தொடங்கும் முன்பே ஒருமுறை பரிசோதித்து முடிவை எடுத்து வையுங்கள். பிற்பாடு மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும்.