பார்வையற்றவருக்குக் கணினி வாங்கும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பிளஸ் டூ முடித்து, இந்த ஆண்டு பி.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறாள். பிரெய்ல் நன்றாகப் படிப்பாள், கணினியைத் தொட்டதில்லை. பார்வையற்றவர்களுக்குத் தனிக் கணினி வேண்டும், அதற்கான மென்பொருளே கணினி விலைக்கு வந்துவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். என்ன வாங்குவது?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: தனிக் கணினி என்று எதுவும் தேவையில்லை அம்மா. எல்லோரும் வாங்கும் விண்டோஸ் மடிக்கணினியே போதும். திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் ஒன்றை அதில் நிறுவிவிட்டால், பழகியபின் உங்கள் மகள் அதைத் தானே இயக்குவாள். கடைக்காரர் சொன்ன விலையும் கற்பனை அல்ல. ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்களின் உரிமத்துக்குப் பெருந்தொகை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், பார்வையுள்ளவர் கொடுக்காத ஒரு கூடுதல் விலையைப் பார்வையற்றவர் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்று எண்ணிய மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், 2006-இல் ஆஸ்திரேலியாவில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அது கட்டற்ற மென்பொருள். காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், எத்தனை கணினியிலும் நிறுவலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கல்லூரிப் படிப்புக்கு அதுவே தாராளமாகப் போதும்.

மென்பொருளில் மிச்சமாகும் பணத்தை விசைப்பலகையைப் பார்த்துச் செலவிடுங்கள். உங்கள் மகளுக்குச் சுட்டி பயன்படாது; எல்லா வேலையும் விசைகளில்தான். கடையில் பெட்டியைப் பிரித்ததும் அவள் விரல்களை விசைகளின்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எப், ஜே விசைகளின் மேலுள்ள சிறு மேடு விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்பட வேண்டும். மேல்வரிசை எப் விசைகள் நாலு நாலாக இடைவெளி விட்டு அமைந்திருந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வலப்பக்கம் எண் விசைகள் தனித் தொகுதியாக இருப்பதும் நல்லது, என்விடிஏவின் பல கட்டளைகள் அங்கேதான் இருக்கின்றன. என்விடிஏவின் கட்டளைகளுக்கு மற்ற விசைகளோடு சேர்த்து அழுத்த வேண்டிய இன்செர்ட் விசை தனியாக இல்லாமல் வேறொரு விசையோடு ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். கேப்ஸ் லாக் விசையை அதற்குப் பதிலாக அமைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வேகம். கணினி யோசிக்கும்போது பார்வையுள்ளவர் சுழலும் வட்டத்தைப் பார்த்துக் காத்திருப்பார். என்னைப் போன்ற பார்வையற்றவர்களுக்குக் கேட்பது வெறும் மௌனம். கணினி வேலை செய்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரியாது. ஆகவே எட்டு ஜிபி நினைவகமும், கோப்புகளை விரைவாக எடுத்துத் தரும் எஸ்எஸ்டி வட்டும் கட்டாயம் கேளுங்கள். உயர்தரத் திரை, தொடுதிரை, கிராபிக்ஸ் அட்டை ஆகியவற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். (நான் என் மடிக்கணினித் திரையை வெளிச்சமே இல்லாமல், பாதி மடித்து வைத்துத்தான் வேலை செய்கிறேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் அணைந்த கணினியைத் தட்டுகிறேன் என்று நினைத்துப் பரிதாபப்படுவார்.)

கடைக்குப் போகும்முன், தெரிந்தவர் கணினியில் என்விடிஏவின் கையடக்கப் பதிப்பு ஒன்றை உருவாக்கிப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை எதிலும் நிறுவாமலே ஓட்டலாம். கடைக்காரர் பென் டிரைவைச் செருக விடவில்லையென்றால், விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸோடு வரும் நரேட்டர் பேசத் தொடங்கும். ஒலி தெளிவாக இருக்கிறதா, விசையை அழுத்திய உடனே பேசுகிறதா என்பதைத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் உங்கள் மகள்தான். நீங்களோ கடைக்காரரோ அல்ல.

குரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என்விடிஏவோடு வரும் இ-ஸ்பீக் என்ற குரல் தமிழும் பேசும், ஆனால் இயந்திரத்தனமாக. வீட்டில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இனிமையான குரல் வேண்டுமென்றால் விண்டோஸ் மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்து, ‘வள்ளுவர்’ என்ற தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளலாம். பழகியவர்கள் பலரும் கடைசியில் இ-ஸ்பீக்குக்கே திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்; எவ்வளவு விரைவாகப் பேசவிட்டாலும் அதன் சொற்கள் குழைவதில்லை. முதல் வாரம் பாடம் எதுவும் வேண்டாம். இன்செர்ட்டோடு, எழுத்துகளுக்கு மேலுள்ள எண் வரிசையின் 1-ஐ அழுத்தினால், அதன்பின் தொடும் விசையின் பெயரையும் வேலையையும் மட்டும் என்விடிஏ சொல்லும், எதுவும் கெட்டுப்போகாது. அந்த நிலையில் விட்டுவிட்டு, பக்கத்தில் உட்காராமல் எழுந்துபோய்விடுங்கள்.

கேள்வி: எங்கள் படிப்பகத்தில் விண்டோஸ் 7 உள்ள பழைய கணினி ஒன்று கிடக்கிறது. அதைப் பார்வையற்ற இளைஞர்களுக்குப் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: என்விடிஏவின் 2024-ஆம் ஆண்டுப் பதிப்புகள் விண்டோஸ் 7-இல் ஓடுவதில்லை. வன்தட்டை மாற்றி எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளுங்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை நிறுவும்போது தொடக்கப் பட்டியல் வந்ததும் எஸ் விசையை அழுத்தி என்டர் தட்டினால், நிறுவும் வேலை முழுவதையும் அது குரலில் சொல்லிக்கொண்டே செய்யும். பார்வையற்றவரே உட்கார்ந்து நிறுவலாம். அதில் திரையை வாசிப்பது ஆர்கா என்ற திரைவாசிப்பான். லினக்ஸ் தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருந்தால் மட்டுமே இதில் இறங்குங்கள். கட்டற்ற மென்பொருள்மேல் எனக்குப் பற்று உண்டு. ஆனாலும் புதிதாகக் கற்பவருக்கு, சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கும் கணினியே நல்ல கணினி.

கேள்வி: நான் தமிழ்ப் பேராசிரியை. தட்டச்சு செய்த பாடக் குறிப்புகளைத்தான் அனுப்புகிறேன். ஆனாலும் என்விடிஏ வாசிக்கவில்லை என்கிறார் பார்வையற்ற மாணவர் ஒருவர். பிழை எங்கே?
– ஒரு பேராசிரியை, தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் எழுத்துருவில். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ‘அம்மா’ என்று நீங்கள் அடித்தால், கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகளே. அவற்றுக்குத் தமிழ் உருவம் பூசப்பட்டிருப்பதால் உங்கள் கண் அம்மாவைப் பார்க்கிறது. உருவத்தைப் பார்க்காத திரைவாசிப்பானோ உள்ளே இருப்பதை அப்படியே உளறுகிறது. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதியும் ஒருங்குறியில் (யூனிகோடு) அடித்தால் இந்தச் சிக்கல் இல்லை. பழைய கோப்புகளை என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் இட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம். மெய்யெழுத்துகள் சில இடங்களில் பிசகும் என்பதால் ஒருமுறை படித்துத் திருத்திவிடுங்கள்.

அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து பிடிஎப் ஆக அனுப்பும் வழக்கமும் இருந்தால் அதை நிறுத்துங்கள். அது வெறும் படம், அதில் எழுத்தே கிடையாது. பழைய நூலென்றால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால், தமிழ் எழுத்துகள் ஓரளவு நன்றாகவே பிரிந்து வரும். குறிப்புகளில் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி விட்டுவிடாமல், வேர்டில் உள்ள ‘ஹெடிங்’ பாணியைப் பூசி அனுப்புங்கள். நாற்பது பக்கக் குறிப்பில் சிலப்பதிகாரப் பகுதி மட்டும் வேண்டுமென்றால், உங்கள் மாணவர் இன்செர்ட்டோடு ஸ்பேஸ் விசையை அழுத்தி உலாவும் நிலைக்குப் போய், எச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்புத் தலைப்பாகத் தாவி அங்கே போய் நின்றுவிடுவார்.