கருப்பாக ‘இருந்தாலும்’

அன்புள்ள ஐயா,

வேலந்தாவளம் காய்கறி மார்க்கெட் பற்றிய கட்டுரையில், தக்காளி விற்கும் அக்காவை ‘கருப்பாக இருந்தாலும் களையான முகம்’ என்று எழுதியிருந்தீர்கள். யாரோ ஆட்சேபித்ததும் வரியை மாற்றிவிட்டீர்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் அப்பத்தா என்னைப் பற்றி ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம் அது. கன்னத்தைக் கிள்ளிக்கொண்டேதான் சொல்வார்.

நான் கொச்சியில், காக்கநாட்டில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். எங்கள் ஆபீசில் கறுப்புப் பட்டியல் என்ற பொருளில் ‘பிளாக்லிஸ்ட்’ என்று எழுதினால் திருப்பி அனுப்புகிறார்கள். தடுப்புப் பட்டியல் என்ற பொருளில் ‘பிளாக்லிஸ்ட்’ என்று எழுத வேண்டுமாம். தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்! அதே ஆபீசில், மலையாளிகள் தமிழர்களைக் கேலியாகச் சொல்லும் ‘பாண்டி’ என்ற பேரில்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். சிரித்துவிட்டுப் போகிறேன். எல்லாவற்றுக்கும் முகம் சுளித்தால் முடியுமா? இப்படியே போனால் கருப்பட்டிக்கும் பெயர் மாற்றச் சொல்வார்கள்.

ஆர்., காக்கநாடு

*

அன்புள்ள ஆர்.,

கருப்பட்டிக்கு ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள். கருப்பசாமிக்கும் ஆகாது. சங்கப் பாட்டில் பெண்ணின் அழகே மாமைதான், மாந்தளிர் நிறம். காதலன் பிரிந்துபோனால் பசலை படர்ந்து அந்த நிறம் வெளிறிப்போகும். அங்கே வெளிறுவதுதான் நோய்.

நான் அந்த வரியிலிருந்து எடுத்தது ‘இருந்தாலும்’ என்ற ஒரு சொல்லை மட்டும்தான். இப்போது ‘கருத்த, களையான முகம்’ என்று இருக்கிறது. அக்கா இன்னும் கருப்பாகத்தான் இருக்கிறார். ‘சிவப்பாக இருந்தாலும் களையான முகம்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல்லமாட்டார்கள். குறை இருக்கும் இடத்தில்தான் ‘இருந்தாலும்’ வரும்.

அப்பத்தா அன்பாகத்தான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குழந்தைக்கு எது காதில் விழும்? 2025 மார்ச்சில், கேரளத் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன் ஃபேஸ்புக்கில் ஒன்று எழுதினார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் அவருடைய கணவர் வி. வேணு. கணவரின் காலம் எவ்வளவு வெளுப்போ, இவருடைய காலம் அவ்வளவு கருப்பு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டுத் தன் நாலு வயதுக் கதைக்குப் போகிறார். என்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாக வெளியே எடுக்க முடியுமா என்று அம்மாவிடம் கேட்டாராம். மாநிலத்திலேயே உச்சமான அதிகாரிப் பதவிக்கு வந்த பிறகும் அது மறக்கவில்லை.

கொச்சியில்தானே இருக்கிறீர்கள், மட்டாஞ்சேரியில் காப்பிரி முத்தப்பனைப் பார்த்ததுண்டா? போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த ஆப்பிரிக்க அடிமையின் ஆவி என்பது நம்பிக்கை. மெழுகுவத்தி ஏற்றி, சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். அதே காப்பிரி என்ற சொல்லின் தென்னாப்பிரிக்க வடிவமான ‘காஃபிர்’ என்ற வசவைக் கறுப்பினப் போலீஸ்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு 2018இல் சிறைத்தண்டனை கிடைத்தது. ஓரிடத்தில் சாமி, இன்னோரிடத்தில் வசவு.

பாண்டியும் அப்படித்தான். திருச்சூர் பூரத்தில் இலஞ்சித்தறையில் கொட்டுவது பாண்டிமேளம். கூட்டம் கையை மேலே வீசி வீசி ரசிக்கும். நான் பாலக்காட்டில் காலேஜ் படித்தபோது பஸ்ஸில் ஒரு கண்டக்டர், ‘டா பாண்டி, அங்ஙோட்டு மாறி நில்லெடா’ என்பார். எங்கள் தாத்தா பிறந்ததே பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில். கேரள மாநிலம் உருவானது 1956இல். தாத்தாவுக்கு மாநிலத்தைவிட வயது அதிகம். அந்தக் கதையெல்லாம் கண்டக்டருக்கு எதற்கு? நானும் உங்களைப்போலச் சிரிப்பேன். நாளைக்கும் அதே பஸ்ஸில்தானே போகவேண்டும்.

சரி, நான் மட்டும் யோக்கியமா? தெலுங்குக்காரர்களுக்கு நம் பக்கத்தில் என்ன பேர் என்று உங்களுக்கே தெரியும். ‘மலையாளி கொலையாளி’ என்று எதுகை போட்டவர்களும் நாம்தான். அதைவிட மோசமான ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தோப்பில் தேங்காய் உரிக்க ஒருவர் வருவார். வடக்கேயிருந்து வருகிற எல்லாருமே இங்கே ‘பெங்காலி’தான், அஸ்ஸாமோ பீகாரோ. அரசாங்கம் ‘அதிதி தொழிலாளி’ என்று மரியாதையாகச் சொல்லிப் பார்க்கிறது. யார் வாயிலும் நுழையவில்லை. நானும் இரண்டு வருடம் பெங்காலி என்றே கூப்பிட்டேன். ஒருநாள் வியாபாரியிடம் போனில், ‘பணத்தைப் பெங்காலிகிட்ட குடுத்துருங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாரையில் குத்திய காய் பாதி உரிந்து நிற்க, அவர் நிமிர்ந்து பார்த்தார். ‘ஞான் ஒடியா ஆணு, சேட்டா.’ நான் ஒடிசாக்காரன், அண்ணா என்கிறார். குரலில் கோபமே இல்லை. மிச்ச மட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு அடுத்த காயை எடுத்துக் குத்தினார். அவர் பெயரே எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமும் நான் கூப்பிடும்போதெல்லாம் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்புறம் உங்கள் ஆபீஸ். 2020இல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸால் கொல்லப்பட்ட பிறகு வேகம் பிடித்த மாற்றம் இது. புரோகிராம் கோடுகளைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில், எஜமான் என்றும் பொருள்படும் ‘மாஸ்டர்’ போய் ‘மெயின்’ வந்தது. முகத்துக்குப் பூசும் ஃபேர் அண்ட் லவ்லி கூட குளோ அண்ட் லவ்லி ஆனது. இதிலெல்லாம் எனக்குக் கிண்டல் இல்லை. மினியாபோலிஸில் நடந்ததற்காகக் காக்கநாட்டில் ஒரு சொல்லைத் திருத்த முடிகிறது என்றால் நல்லதுதான். பக்கத்து சீட்டுக்காரரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பது மட்டும் இன்னும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை.

சண்டை போடச் சொல்லவில்லை. அடுத்த முறை ‘பாண்டி’ என்று கூப்பிட்டால் ஒரே ஒரு தடவை சிரிக்காமல் இருந்து பாருங்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.