ஹெப்ரானின் ஒன்பது இடங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காஸா குறித்து நீங்கள் எழுதுபவற்றைப் படித்து வருகிறேன். ஒரு கேள்வி உறுத்துகிறது. 2006 தேர்தலில் 132 இடங்களில் 74ஐக் கொடுத்து ஹமாஸை ஆட்சியில் அமர்த்தியவர்கள் பாலஸ்தீன மக்கள்தானே? கருத்துக்கணிப்புகளும் அதைத்தானே சொல்கின்றன? பிறகும் ‘மக்கள் வேறு, ஹமாஸ் வேறு’ என்று எழுதுவது ஏன்?

ரா., தென்காசி

அன்புள்ள ரா.,

74 என்பது சரியான எண். ஆனால் அன்று வாக்காளர் கையில் கொடுத்தது இரண்டு வாக்குச்சீட்டுகள். ஒன்று எல்லாருக்கும் பொதுவான கட்சிப் பட்டியல். மற்றது அவரவர் தொகுதி வேட்பாளர்கள். பட்டியலில் ஹமாஸுக்கு 44 சதவீதத்துக்குச் சற்று மேல், அதுவரை ஆட்சியில் இருந்த ஃபத்தா கட்சிக்கு 41க்குச் சற்று மேல். இடங்கள் 29, 28. ஹமாஸைத் தூக்கிவிட்டது இரண்டாவது சீட்டுதான்.

மேற்குக் கரையில் உள்ள ஹெப்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகுதிக்கு ஒன்பது இடங்கள். வாக்காளர் ஒன்பது பெயர்கள் வரை குறிக்கலாம். ஹமாஸ் ஆதரவாளர்கள் கட்சி சொன்ன பெயர்களைப் பிசகாமல் குறித்தார்கள். ஃபத்தாவிலோ வாய்ப்புக் கிடைக்காதவர்கள் பல தொகுதிகளில் சுயேச்சையாக நின்று சொந்தக் கட்சியின் வாக்கையே தின்றார்கள். போட்டி வேட்பாளர் என்ன செய்வார் என்று நம்மூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. ஹெப்ரானின் ஒன்பது இடங்களும் ஹமாஸுக்குப் போயின. காஸாவில் உள்ள ரஃபாவின் மூன்றும் ஃபத்தாவுக்கு. மொத்தத் தொகுதிக் கணக்கு ஹமாஸுக்கு 45, ஃபத்தாவுக்கு 17.

அதற்காக 44 சதவீதத்தைச் சில்லறை என்று தள்ளிவிடவும் மாட்டேன். தற்கொலைத் தாக்குதல்களை நடத்திய இயக்கம் இது என்று தெரியாமல் யாரும் வாக்களிக்கவில்லை. ஆனால் ஏன் வாக்களித்தார்கள் என்று பார்க்க வேண்டும். அங்கே ‘வாஸ்தா’ என்று ஒரு சொல் உண்டு. வேலைக்கும் உரிமத்துக்கும் மேலே ஆள் பிடிப்பது. பத்தாண்டு ஃபத்தா ஆட்சியில் அந்தச் சொல் ஒவ்வொரு வீட்டிலும் புழங்கியது. ஹமாஸ் தன் பட்டியலுக்கு ‘மாற்றமும் சீர்திருத்தமும்’ என்று பெயர் வைத்துக்கொண்டது சும்மா இல்லை. இஸ்ரேலை அழிப்பது என்ற பழைய கோஷத்தைத் தேர்தல் அறிக்கையில் காணோம். எதைச் சொன்னால் வாக்கு விழும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த ஊர் மேற்குக் கரையின் கல்கிலியா. 2005இல் அந்த நகராட்சியை ஹமாஸ் பிடித்தது. அங்கே நடக்கவிருந்த இசை விழாவுக்கும் தடை போட்டது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் அந்தத் தொகுதியின் இரண்டு இடங்களையும் ஃபத்தா வென்றது. இசை விழாதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஹமாஸ் நிர்வாகத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் மறுமுறை வேறு பக்கம் போனார்கள் என்பது வரைதான் சொல்கிறேன்.

இனி கருத்துக்கணிப்பு. வாக்குப்பதிவு நடந்த 2006 ஜனவரி 25 இரவு பீர்சேய்த் பல்கலைக்கழகத்தின் கணிப்பு ஃபத்தாவுக்கு 63 இடங்கள், ஹமாஸுக்கு 58 என்றது. ஃபத்தாக்காரர்கள் வானத்தை நோக்கிச் சுட்டுக் கொண்டாடினார்கள். மறுநாள் காலையில் பிரதமர் அகமது குரேய் பதவி விலகினார். வாக்குச்சாவடி வாசலில் தாளுடன் நிற்பவரிடம் ஒருவர் சொல்வதும் உள்ளே குறித்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் கணிப்புகளை வேண்டும்போது எடுத்து, வேண்டாதபோது போட்டுவிட முடியாது. ரமல்லாவில் கலீல் ஷிகாகி நடத்தும் ஆய்வு மையம் 2023 இறுதியில் கேட்டபோது, இஸ்ரேலை அக்டோபர் 7 அன்று தாக்க ஹமாஸ் எடுத்த முடிவு சரியே என்றவர்கள் 72 சதவீதம். எனக்கு அது கசப்பான எண்; மறைக்க மாட்டேன். அதே கணிப்பில் காஸாவில் மட்டும் அது 57தான்; மேற்குக் கரையில் 82. குண்டு விழும் இடத்தில் ஆதரவு குறைவு. 2024 செப்டம்பரில் காஸாவில் 39 ஆகிவிட்டது. எந்த மாதத்து எண்ணை ‘மக்கள்’ என்று எடுத்துக்கொள்வீர்கள்?

வயதுக் கணக்கையும் பாருங்கள். 1988 பிப்ரவரியில் காஸாவில் பிறந்தவருக்கு 2006 தேர்தல் அன்று வாக்களிக்கும் வயது ஆகவில்லை. அதன்பின் நாடாளுமன்றத் தேர்தலே நடக்கவில்லை. 2005இல் நான்காண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாலஸ்தீன அதிபர், ஃபத்தாவின் மஹ்மூத் அப்பாஸ் அந்தக் காலம் முடிந்த பிறகும் பல்லாண்டுகளாக நாற்காலியை விடவில்லை. காஸாவை 2007இல் ஆயுதத்தால் பிடித்த ஹமாஸும் மக்களிடம் மறுபடி கேட்கவில்லை.

ஒரே ஒருமுறை தேர்தல் வாசல் வரை வந்தது. 2021 மே 22 என்று தேர்தல் தேதி குறித்தார்கள். 36 பட்டியல்கள் பதிவாயின. வாக்களிக்கத் தகுதி உள்ளவர்களில் 93 சதவீதம் பேர் பெயரைப் பதிந்துகொண்டார்கள். கிழக்கு ஜெருசலேமில் வாக்குப்பதிவுக்கு இஸ்ரேல் இடம் தரவில்லை என்று சொல்லி ஏப்ரல் 29 அன்று அப்பாஸ் தேர்தலைத் தள்ளிவைத்தார். நீங்கள் கேட்கும் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியிருக்கக்கூடிய நாள் அது.

அன்புடன்.