வீட்டுப் பள்ளியில் விலங்குப் பாடம்: கேள்வி-பதில்

கே: நான்கு வயது மகளுக்கு வாரம் இருபது விலங்குகளின் பெயர் சொல்லிக்கொடுக்கிறேன். போதுமா?

ப: மிக அதிகம். எறும்பு, காகம், அணில் மூன்றையும் ஒரு மாதம் பார்க்கட்டும். எது எதைத் தின்கிறது என்று அவளே உங்களுக்குச் சொல்வாள்.

கே: சிலந்தி பூச்சியா?

ப: இல்லை. பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள்.

கே: புழுவைப் பிடித்து பாட்டிலில் வளர்த்தோம். இரண்டே நாளில் செத்துவிட்டது. ஏன்?

ப: எந்தச் செடியில் பிடித்தீர்கள், என்ன இலை போட்டீர்கள், எதையுமே எழுதாமல் காரணம் கேட்டால் எப்படி? பெரும்பாலான புழுக்கள் தமக்குரிய ஒருசில செடிகளைத் தவிர வேறெதையும் தொடாது. கறிவேப்பிலையில் கண்டதற்குக் கறிவேப்பிலைதான். எருக்கில் கண்டதற்கு எருக்குதான். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, இலை பறிப்பது உங்கள் வேலை. தினமும் புது இலை, மூடிக்குப் பதில் வலைத்துணி. முட்டை பட்டாம்பூச்சியாக ஏறக்குறைய ஒரு மாதம். பிறகு பிடித்த இடத்திலேயே விடுங்கள். கை கழுவுங்கள்.

கே: நல்ல விலங்கு, கெட்ட விலங்கு என்று அட்டை செய்கிறோம். பல்லி, பாம்பு, வௌவால் கெட்ட பக்கம். ஆந்தையை எங்கே ஒட்டுவது?

ப: எங்கேயும் ஒட்டாதீர்கள். அந்த அட்டையையே கிழித்துப் போடுங்கள். எத்தனை முறை எழுதினாலும் இந்தப் பிரிவினை மட்டும் ஒழியவில்லை! வயல் எலியைத் தின்பது கூகை என்ற ஆந்தை. சாரைப்பாம்பும் அதைத்தான் செய்கிறது. அதற்கு விஷமே கிடையாது. வீட்டுப் பல்லிக்கும் இல்லை. இலுப்பைப் பூவின் மகரந்தத்தைச் சுமப்பது பழந்தின்னி வௌவால். ஐந்து வயதில் 'கெட்டது' என்று கற்ற பிள்ளைதான் வளர்ந்ததும் சாரையைக் கண்டால் தடியெடுக்கிறது. ஆபத்தை மறைக்கச் சொல்லவில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் படத்தில் காட்டுங்கள். எந்தப் பாம்பானாலும் விலகி நின்று பெரியவர்களைக் கூப்பிடப் பழக்குங்கள். அட்டை வேண்டுமென்றால் முட்டையிடுபவை, குட்டி போடுபவை என்று பிரியுங்கள். கண்ணாடிவிரியன் குட்டி போடும் பக்கம் வரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

கே: பாடத்துக்காகப் பச்சைக்கிளி வாங்கலாமா?

ப: கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படியே. மாடியில் தண்ணீரும் ஒரு பிடி கம்பும் வையுங்கள், வருவதைப் பார்க்கலாம்.

கே: தலைப்பிரட்டைகளைக் குழாய்த் தண்ணீரில் விடலாமா?

ப: குளோரின் கலந்திருந்தால் செத்துவிடும். குளத்துத் தண்ணீரையே எடுங்கள். நாலைந்து தலைப்பிரட்டை போதும். கால் முளைத்ததும் ஏறி உட்கார ஒரு கல் வையுங்கள். வால் மறைந்ததும் பிடித்த குளத்திலேயே விடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.