பாய்மர வள்ளத்தில் கப்பி போட்டால் கயிற்றின் பாரம் நிஜமாகவே குறையுமா?

குறையும். ஆனால் கப்பியை எங்கே கட்டுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பாய்மரத்து உச்சியில் ஒரே ஒரு கப்பி என்றால், அது கிணற்றுக் கப்பி மாதிரிதான். 40 கிலோ பாயை ஏற்ற 40 கிலோ விசையோடு இழுத்தே ஆகவேண்டும். குனிந்து இழுக்க வசதி, அவ்வளவுதான். உச்சியிலிருக்கும் கப்பிக்கோ 80 கிலோ பாரம்: ஒரு பக்கம் பாய், மறுபக்கம் நீங்கள்.

இன்னொரு கப்பியைப் பாயோடு சேர்ந்து ஏறும்படி கட்டுங்கள். கயிற்றின் ஒரு நுனியை உச்சியில் முடிந்து, இந்தக் கப்பி வழியாக விட்டு, மேல்கப்பியில் போட்டு இறக்க வேண்டும். இப்போது பாயை இரண்டு இழைகள் தாங்குகின்றன. இழைக்கு 20 கிலோ. கைக்கும் அதேதான். உச்சிக்கு 60. சும்மா கிடைக்காது, பாய் ஒரு மீட்டர் ஏற இரண்டு மீட்டர் கயிறு இழுக்கணும்.

பாயைத் திருப்பும் கீழ்க்கயிற்றுக்குத்தான் இது அதிகம் உதவும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் இழுப்பு நான்கு மடங்காகும். பாம்பன், மண்டபம் பக்கம் கச்சான் காற்று திடீரென வலுத்தால் உள்ளங்கை உரிந்துவிடும். அதற்காக ஐந்தாறு கப்பி மாட்டாதீர்கள். ஒவ்வொன்றிலும் உராய்வு கொஞ்சம் தின்றுவிடும், உப்பேறித் துருப்பிடித்த கப்பி என்றால் கேட்கவே வேண்டாம்.