தக்காளிக்கு மருந்தடிச்ச வீட்டுக்காரருக்கு வாந்தி, கண்ணு மங்கல்: என்ன பண்றது?

கேள்வி: சார் வணக்கம், மாரண்டஅள்ளி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளி இருக்கு. காய்ப்புழு அதிகமாயிடுச்சுன்னு நேத்து காலைல 9 மணிக்கு மேல வீட்டுக்காரர் 12 டேங்க் மருந்தடிச்சார், நான் தான் கலக்கி குடுத்தேன். மத்தியானத்துக்கு மேல அவருக்கு தலைசுத்தல், ஒரே வேர்வை, ரெண்டு தடவ வாந்தி, முகமெல்லாம் எரிச்சல். மோர் குடுத்து படுக்க வெச்சோம். இன்னைக்கு வாந்தி நின்னுடுச்சு, ஆனா எச்சி ஊறிட்டே இருக்கு, கண்ணு மங்கலா தெரியுதுங்கறார். ஆஸ்பத்திரிக்கு போனா போலீஸ் கேஸ் ஆயிடும்னு மாமியார் பயப்படறாங்க. அரை ஏக்கர் பாக்கி இருக்கு, நாளைக்கு அடிக்கலாமா? லேபிள் போட்டோ அனுப்பிருக்கேன். காலி கேன கழுவி தண்ணிக்கு வெச்சுக்கலாமா?

பதில்: அம்மா, இத படிச்ச உடனே 108க்கு போன் போடுங்க, மீதிய போற வழியில படிங்க. எச்சி ஊறறதும் கண்ணு மங்கறதும் இன்னும் நிக்கலன்னா விஷம் இன்னும் உடம்புல வேலை செய்யுதுன்னு அர்த்தம், வாந்தி நின்னதால சரியாயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. நீங்க அனுப்பின லேபிள்ல ப்ரொபெனோபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்த மருந்து, மஞ்சள் முக்கோணம் போட்டிருக்கு, அதாவது சிவப்புக்கு அடுத்தபடி கடுமையான விஷம். முகத்துல எரிச்சல் சைபர்மெத்ரினால வர்றது, அது பெரும்பாலும் ஒரு நாள்ல அடங்கிடும். நான் பயப்படறது ப்ரொபெனோபாஸுக்கு தான். வேர்வை, எச்சி, வாந்தி, கண்மணி சுருங்கி பார்வை மங்கறது, சதை துடிக்கிறது எல்லாம் அதோட வேலை. ஒரு சிலருக்கு எல்லாம் சரியான மாதிரி இருந்துட்டு ஒண்ணுலேர்ந்து நாலு நாளைக்குள்ள கழுத்து தூக்க முடியாம, மூச்சு இழுக்க முடியாம போயிடும், அதனால தான் அவர வீட்டுல வெச்சு பாத்துக்கலாம்னு நான் சொல்லவே மாட்டேன்.

கெளம்பறதுக்கு முன்னாடி அவர் நேத்து போட்டிருந்த துணி இன்னும் மாத்தலன்னா கழட்டிட்டு, சோப்பு போட்டு தலைமுடி, நகம், காது பின்னாடி எல்லாம் நல்லா கழுவுங்க, கழுவறவங்க கைல கவர் மாட்டிக்கணும். மூச்சு திணறல், மயக்கம் இருந்தா இதுக்குக்கூட நிக்காதீங்க. மோர், பால், எலுமிச்சம்பழச் சாறு எதுவும் இனிமே வேண்டாம், வாந்தி எடுக்க வெக்கவும் வேண்டாம், தூக்கத்துல புரை ஏறினா நுரையீரலுக்கு போயிடும். படுக்க வெச்சா இடது பக்கமா ஒருக்களிச்சு. மருந்து பாட்டிலையும் அதோட வந்த துண்டு சீட்டையும் ஒரு கவர்ல போட்டு கட்டாயம் எடுத்துட்டு போங்க, விஷத்த முறிக்கற மருந்து என்னன்னு அதுலயே இருக்கும், அட்ரோபின்ங்கற விஷமுறிவு ஊசி குடுக்கணுமான்னு டாக்டர் உடனே முடிவு பண்ண அது உதவும். விஷம் பத்தி ஆலோசனைக்கு டெல்லி எய்ம்ஸ்ல இருக்கற தேசிய விஷத் தகவல் மையத்தோட இலவச நம்பர் 1800 116 117, டாக்டர்கிட்டயும் இந்த நம்பர குடுங்க.

போலீஸ் பயம் பத்தி. விஷம்னு வந்தாலே ஆஸ்பத்திரில பதிவு பண்ணி ஸ்டேஷனுக்கு தகவல் சொல்வாங்க, அது வழக்கம். வயல்ல மருந்தடிக்கும்போது ஆனது, குடிக்கல, இத்தன மணிக்கு, இந்த மருந்துன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க, மாமியாரையும் அப்படியே சொல்ல சொல்லுங்க. கேஸ் ஆயிடும்னு பயந்து "சாப்பாடு ஒத்துக்கல"ன்னு சொல்லி குளுக்கோஸ் மட்டும் ஏத்திட்டு கூட்டிட்டு வந்த குடும்பத்த எனக்கு தெரியும், மூணாவது நாள் அந்த மனுஷனுக்கு மூச்சு நின்னு போச்சு. டாக்டர்கிட்ட மட்டும் பொய் சொல்லாதீங்க. அந்த பதிவு சீட்டு நகல வாங்கி பத்திரமா வெச்சுக்கோங்க, பின்னாடி நீங்க புகார் குடுக்க அது தான் ஆதாரம்.

புகார் குடுக்க விஷயம் இருக்கான்னு கேப்பீங்க. இருக்கு. லேபிள்ல எந்த பயிருக்குன்னு பாருங்க, பருத்தின்னு தான் போட்டிருக்கு, தக்காளின்னு எங்கயும் இல்ல. கடைக்காரர் அத தக்காளிக்கு குடுத்திருக்கார். பில்லு, பேட்ச் நம்பர், பாட்டில் எடுத்துட்டு பாலக்கோடு வட்டார வேளாண்மை ஆபீஸ்லயும் தோட்டக்கலை ஆபீஸ்லயும் எழுதி குடுங்க, ரசீது கேளுங்க. கடைய ஆய்வு பண்ற அதிகாரம் உள்ள பூச்சிமருந்து ஆய்வாளர் வேளாண்மைத் துறையில தான் இருக்கார். பில்லு இல்லன்னா அவர ஆஸ்பத்திரில சேத்த உடனே போய் கேட்டு வாங்குங்க. 1968ஆம் வருஷ பூச்சிக்கொல்லி சட்டத்துல மருந்தால பாதிப்பு நடந்தா தகவல் குடுக்கறதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, நாம யாரும் சொல்லாததால தான் எத்தன பேருக்கு இப்படி ஆகுதுன்னு கணக்கே சரியா வர்றதில்ல. 2017ல மகாராஷ்டிரா யவத்மால்ல பருத்திக்கு மருந்தடிச்சவங்க சுமார் 20 பேர் செத்தாங்க, அப்போ அந்த அரசு தற்காலிகமா தடை போட்ட மருந்துகள்ல இந்த கலவையும் ஒண்ணு. நம்ம தமிழ்நாட்டுலயும் 2023ல தற்கொலைய தடுக்கறதுக்காக 60 நாள் தடை போட்ட ஆறு மருந்துல இது இருந்துச்சு.

நாளைக்கு அடிக்கலாமான்னு கேட்டீங்க. வேண்டவே வேண்டாம். இந்த மருந்து ரத்தத்துல ஒரு நொதிய குறைச்சிடும், அது பழையபடி ஏற பல வாரம் ஆகும், அதுக்குள்ள கொஞ்சம் பட்டாலும் மறுபடி விழுந்துடுவார். டாக்டர் சொல்ற வரைக்கும் அவர் ஸ்பிரேயர தொடக்கூடாது. புழுவுக்கு இப்போதைக்கு கைல பொறுக்கி அழிங்க, ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சி பொறி (ஆண் அந்துப்பூச்சிய வாசனையால இழுத்து பிடிக்கறது) வைங்க, எந்த மருந்துன்னு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துல கேட்டுட்டு அடிங்க. அடுத்த நடவுல காய்ப்புழு பூச்சிய தக்காளிலேர்ந்து திசை திருப்ப 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி போடுங்க.

நீங்களும் கலக்கினீங்கன்னு எழுதிருக்கீங்க, அத சும்மா விடாதீங்க. தண்ணி கலக்காத மருந்து கைல படறது தான் மோசம், தோல் வழியா தான் உள்ள போறது அதிகம். கைய விட்டா கலக்கினீங்க? உங்களுக்கும் தலைவலி, குமட்டல் இருந்தா அங்கயே காட்டுங்க. அடுத்த தடவ ரப்பர் கையுறை, நீள குச்சி, முழுக்கை சட்டை, பேண்ட். மூஞ்சில கட்டற துண்டு ஈரமானா அதுவே மருந்த மூக்குகிட்ட ஒட்டி வெச்சிடும், அதனால மாஸ்க் வாங்குங்க. 9 மணிக்கு மேல வெயில்ல வேண்டாம், காத்துக்கு எதிரா நடக்க வேண்டாம், நாசில் அடைச்சா வாயால ஊதவே கூடாது.

நேத்து அடிச்ச ஒரு ஏக்கர்ல இன்னைக்கு யாரும் காய் பறிக்க எறங்க வேண்டாம், அந்த காய மார்க்கெட்டுக்கும் அனுப்பாதீங்க, லேபிள்ல தக்காளியே இல்லாததால எத்தன நாள் கழிச்சு பறிக்கலாம்னு அதுல பாத்து சொல்ல வழியில்ல, அதையும் தோட்டக்கலை ஆபீஸ்ல கேளுங்க. மாட்டுக்கு அந்த வரப்பு புல்ல அறுக்காதீங்க. கேன்ல தண்ணி வெக்கறத மட்டும் மறந்துடுங்க, எத்தன தடவ கழுவினாலும் குடிக்கற தண்ணிக்கு ஆகாது. புகார் குடுத்து முடியற வரைக்கும் லேபிளோட பத்திரமா பூட்டி வைங்க, அப்புறம் ஓட்ட போட்டு கிணத்துக்கும் வாய்க்காலுக்கும் தூரமா பொதைச்சிடுங்க. டாக்டர் என்ன சொன்னார்னு ராத்திரிக்குள்ள எனக்கு எழுதுங்க.