உதிர்ந்த பைன் கூம்பில் விதை எங்கே போனது?

கேள்வி: பைன் மரத்தடியில் கிடந்த கூம்புகளைப் பொறுக்கி வந்து முழுசாகவே புதைத்தேன். மூன்று மாதமாகியும் முளைக்கவில்லை. ஏன்?

பதில்: நீங்கள் புதைத்தது பெரும்பாலும் வெறும் கூடு. விரிந்து கிடக்கும் கூம்பு, மரத்தில் இருக்கும்போதே விதைகளைக் காற்றில் விட்டிருக்கும். ஒரு செதிலை ஒடித்து மேற்புறம் பாருங்கள், அடிப்பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு தடங்கள் இருக்கும். இரண்டு விதைகள் ஒட்டியிருந்த இடம் அது.

பைனுக்குப் பூவும் இல்லை, கனியும் இல்லை. ஜிம்னோஸ்பெர்ம் (விதை கனிக்குள் மூடப்படாத தாவரம்) வகை என்பதால், விதையாக மாறும் சூல்கள் செதிலின் மேல் மூடாமல் இருக்கின்றன. ஆண் கூம்பின் மகரந்தம் காற்றில் வந்து சேர்ந்த பிறகும் கருவுற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அத்தனை பொறுமையான மரம்! அதனால் பச்சைக் கூம்பைப் பறிக்காதீர்கள். பழுப்பேறியும் இன்னும் விரியாத கூம்புதான் வேண்டும். காகிதப் பையில் போட்டு உலர வைத்தால் தானே விரியும், தட்டினால் விதை உதிரும். லாட்ஜ்போல், ஜாக் பைன் போன்ற சில பைன் இனங்களின் கூம்புகள் மட்டும் பெரும்பாலும் பிசினால் ஒட்டிக்கொண்டு காட்டுத்தீயின் சூட்டுக்குக் காத்திருப்பவை. கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்து உலர்த்துங்கள்.

பெரும்பாலான விதைகளுக்கு மெல்லிய இறக்கை இருக்கும், கசக்கி நீக்கிவிடலாம். சில்கோசா பைன் போன்றவற்றின் பெரிய, உண்ணக்கூடிய விதைகளில் இறக்கை பெயருக்குத்தான். எதுவானாலும் ஓர் இரவு நீரில் போடுங்கள். காலையிலும் மிதப்பவை பெரும்பாலும் உள்ளே ஒன்றுமில்லாத ஓடுகள்.

அப்புறம், மரத்தின் இலைக்கொத்தில் எத்தனை ஊசி இலைகள் என்று எண்ணுங்கள். இரண்டு, மூன்று ஊசி இனங்களில் பல நேரடியாகவே முளைக்கும். ஐந்து ஊசி இனங்கள் பலவற்றுக்குக் குளிர்காலம் கடந்ததுபோல் இருக்க வேண்டும். ஈர மணலில் கலந்து ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள். உறைபெட்டியில் வேண்டாம். பிறகு மணல் கலந்த மண்ணில் அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். பெரிய விதையானால் அதன் பருமன் அளவுக்கு ஆழம். தண்ணீர் மட்டும் தேங்கவே கூடாது, நாற்று அழுகிவிடும்.

நாற்று விதை ஓட்டைத் தொப்பிபோல் சுமந்துகொண்டு எழும். உதவுவதாக நினைத்து அதைப் பிடுங்காதீர்கள். உள்ளே சேமித்து வைத்த உணவை விதையிலைகள் (நாற்றின் முதல் இலைகள்) இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். முடிந்ததும் ஓடு தானே விழும், உள்ளிருந்து பல விதையிலைகள் குடைக்கம்பிபோல் விரியும்.